நாலு பேர் வேண்டும்: தானியங்கிக் குழுத்தேடியுடன் என் பதினைந்து ஆண்டுகள்

என் பிரீஸ்ட் கதாபாத்திரத்தின் பின்னால் ஒரு பக் நாய்க்குட்டி ஓடிவரும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், ஆட்களைத் தானே குழுவாகச் சேர்த்துவிடும் தானியங்கிக் குழுத்தேடியின் வழியாக முன்பின் தெரியாத 100 பேருடன் சேர்ந்து விளையாடியவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அது. எனக்கு அது 2010 தொடக்கத்தில் கிடைத்தது. அந்த 100 பேரில் ஒருவருடைய பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, எந்தக் கருவியும் இல்லாமல் கூவிக் கூவிச் சேர்த்த குழுக்களில் வந்தவர்களைக் கேட்டால் ஒரு டஜன் பெயர்களாவது சொல்வேன். யார் எந்தக் கோடரியோடு வந்தார், யாருக்கு எந்த இடத்தில் வழி தவறியது என்பது வரை சொல்வேன்.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கருவி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்க்கையின் சில ஆண்டுகளில் அது இல்லையென்றால் நான் விளையாடியிருக்கவே முடியாது.

இந்த வகை விளையாட்டுகளுக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. டஞ்சன் என்பது ஐந்து பேர் சேர்ந்து இறங்கும் நிலவறை. எதிரியின் அடியைத் தாங்கி முன்னே நிற்க ஒரு டேங்க், காயம் ஆற்ற ஒரு ஹீலர், தாக்குதலுக்கு மூன்று பேர். இந்த ஐவரில் டேங்க்கோ ஹீலரோ இல்லையென்றால் வாசலைத் தாண்ட முடியாது. தாக்குபவர்கள் எப்போதும் மிகுதியாக இருப்பார்கள், டேங்க் எப்போதும் பற்றாக்குறை. குழு சேர்க்கும் சிக்கல் முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

நான் 2008இல் கோயம்புத்தூரிலிருந்து ஐரோப்பிய சர்வர் ஒன்றில் விளையாடத் தொடங்கினேன். நான் ஹீலர், தம்பி மேஜ், அதாவது தாக்கும் மந்திரவாதி. ஒரே அறையில் இரண்டு கணினிகள். நேர வித்தியாசம்தான் எங்களுக்கு முதல் எதிரி. குளிர்காலத்தில் மத்திய ஐரோப்பா நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். நாங்கள் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் அங்கே பிற்பகல் மூன்றரை. அலுவலகமும் பள்ளியும் முடியாத நேரம். விளையாட்டின் நகர வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கும். அவர்கள் இரவு எட்டு மணிக்கு ரெய்டு என்ற பெருங்குழுச் சண்டை வைத்தால் எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை.

அந்தக் காலத்தில் குழு சேர்ப்பது என்றால் நகரத்தில் நின்றுகொண்டு, வணிகச் சேனலிலும் குழுச் சேனலிலும் 'ஹீலரும் மேஜும் இருக்கிறோம், டேங்க் வேண்டும்' என்று திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வது. ஒருவர் வருவார். இன்னொருவருக்காகக் காத்திருக்கும்போது முதலாமவர் சாப்பிடப் போய்விடுவார். ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒன்றும் நடக்காமல் கணினியை அணைத்த இரவுகள் ஏராளம். "அக்கா, நாளைக்கும் இப்படித்தான் நிற்கப் போகிறோமா?" என்று தம்பி கேட்பான். அந்தக் கேள்வியின் அலுப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கருவி இல்லாத பழைய காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் அந்த இரவுகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனால் குழு சேர்ந்துவிட்ட இரவுகள் வேறு மாதிரி. ஸ்கார்லெட் மடாலயத்துக்கு முதல்முறை போனதைச் சொல்கிறேன். விளையாட்டின் இரு அணிகளில் எங்களுடையதான அலையன்ஸ் பக்கத்துக்காரர்களுக்கு அது எதிரி மண்ணின் நடுவில் இருக்கும் இடம். சவுத்ஷோர் என்ற ஊரில் கூடினோம். அங்கிருந்து ஆல்டராக் மலைகள், பிறகு நோய்பிடித்த வயல்கள், பிறகு புல்வார்க் காவல் அரணைச் சுற்றிக்கொண்டு காட்டோரமாக ஒரு பதுங்கு நடை. சர்வர் தொலைவில் இருந்ததால் என் கதாபாத்திரம் எப்போதும் இரண்டடி பின்தங்கும். ஒரு கரடி துரத்தி நான் விழுந்தேன். ஆவியாகி ஓடிவந்து உடலைச் சேர்ந்தபோது, குள்ளர் இனத்துப் போர்வீரர் ஒருவர் அங்கேயே, என் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். "ஹீலரை விட்டுவிட்டு எங்கே போவது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு ஒன்றரை ஆண்டுகள் அவர்தான் எங்கள் டேங்க். ஆன்லைனில் என் பெயர் தெரிந்ததும் அவரே அழைப்பார். அந்த உறவு மடாலயத்துக்குள் உருவானதே இல்லை. வழியில் உருவானது.

2009 டிசம்பரில் 3.3 பேட்ச், அதாவது விளையாட்டின் புதுப்பிப்பு, வந்தது. டஞ்சன் ஃபைண்டர் என்ற குழுத்தேடி அதில்தான் வந்தது. உங்கள் பொறுப்பைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால், பல சர்வர்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கி ஐவராக்கி, நேராக நிலவறைக்குள் இறக்கிவிடும். முடிந்ததும் நீங்கள் நின்ற இடத்திலேயே திரும்பக் கொண்டுவிடும். நாளின் முதல் ஹீரோயிக் (கடினமான வடிவ) ஓட்டத்துக்கு, நல்ல கவசங்கள் வாங்க உதவும் உறைபனிச் சின்னங்கள் இரண்டு. அன்று மாலை எங்கள் நேரம் ஏழரை. நான் ஹீலர் என்பதால் தம்பியும் என்னோடு சேர்ந்து வரிசையில் முன்னே வந்துவிட்டான். தனியாக நின்றிருந்தால் அவன் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு மூன்று நிமிடத்தில் அழைப்பு வந்தது. அன்று நாலு டஞ்சன் முடித்தோம். அதுவரை ஒரு வாரத்தில் அவ்வளவு முடித்ததில்லை.

இன்னொரு நன்மை அப்போது பலருக்குக் கண்ணில் படவில்லை. அன்று எல்லாரும் உச்ச நிலையான 80இல் இருந்தார்கள். புதிதாக வந்தவர் 20ஆம் நிலையில் டெட்மைன்ஸ் என்ற நிலவறைக்கு ஆள் தேடினால் அந்த சர்வரில் அதே நிலையில் இன்னும் நாலு பேர் இருப்பதே அரிது. கைவிடப்பட்ட கோயில்கள்போல் கிடந்த அந்தப் பழைய நிலவறைகளில் மீண்டும் விளக்கேற்றி வைத்தது இந்தக் கருவிதான். என் சித்தி மகள் 2010இல் விளையாட வந்தபோது அவள் வளர்ந்ததே அதன் தயவில்.

அதே பேட்ச்சில் வந்த ஹால்ஸ் ஆஃப் ரிஃப்ளெக்ஷன் என்ற நிலவறையை மறக்க முடியாது. அலை அலையாக எதிரிகள் வருவார்கள். ஐந்தாவது அலைக்கு ஒரு தலைவன், பத்தாவது அலைக்கு இன்னொருவன். மந்திரவாதியும் துப்பாக்கிக்காரனும் தொலைவிலேயே நின்று அடிப்பார்கள். ஆகவே ஐவரும் சுவரோரக் குழிவு ஒன்றில் ஒடுங்கி நின்று, பார்வையை மறைத்து, அவர்களைக் கிட்டே இழுக்க வேண்டும். பழகிய குழு என்றால் 'மூலை' என்ற ஒரு சொல் போதும். குழுத்தேடியில் வந்த ஐவருக்கு அந்தச் சொல் போதவில்லை. ஒருவர் நடு மண்டபத்திலேயே நின்றார். இருவர் ஒரு குழிவில், டேங்க் வேறொரு குழிவில். மூன்றாவது அலையில் நாங்கள் அனைவரும் செத்தோம். யாரும் ஒரு சொல் பேசவில்லை. முதலில் டேங்க் மறைந்தார், அடுத்த நொடி இன்னொருவர். திரையில் நானும் தம்பியும் ஒரு அந்நியரும் மட்டும். அந்த அந்நியர் 'மன்னிக்கவும், எனக்கு இது முதல்முறை' என்று எழுதினார். பதில் எழுத நான் விசைப்பலகையில் கை வைப்பதற்குள் அவரும் போய்விட்டார். அவர் வேறு சர்வர்க்காரர். நண்பர் பட்டியலில் சேர்க்க அன்று வழியே கிடையாது. அவருக்கு அந்த மூலையைக் காட்டிக் கொடுக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

அந்தக் குளிர்காலத்தில் ஆக்குலஸ் என்ற நிலவறை வந்தாலே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். டிராகன் மேல் ஏறிச் சண்டை போட வேண்டும், நேரமாகும் என்று யாருக்கும் பிடிக்காது. கடைசியில் விளையாட்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் அதை முடிப்பவர்களுக்குக் கூடுதல் பரிசுப் பை ஒன்றை வைத்தது. அதில் நீல டிராகன் வாகனம்கூடக் கிடைக்கலாம். டேங்க் பற்றாக்குறைக்கும் இதே மருந்து. 2011இல் 4.1 பேட்ச்சில், எந்தப் பொறுப்புக்கு ஆள் குறைகிறதோ அதில் வருபவர்களுக்குத் தனிப் பை கொடுத்தார்கள். வேலை செய்தது. ஆனால் பைக்காக வந்த டேங்க் பையை வாங்கும் அவசரத்தில்தான் இருந்தார். ஹீலருக்கு மனா என்ற மந்திரச் சக்தி தீர்ந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருமுறை என்னை ஓட்டெடுத்து வெளியேற்றினார்கள். என் இணையத் தாமதம் கால் நொடிக்கு மேல் போய், இரண்டு முறை டேங்க் விழுந்துவிட்டார். யாரும் காரணம் கேட்கவில்லை. திரை மாறியது, நான் நகரத்தில் நின்றேன். சொந்த சர்வரில் கூடிய குழுவில் யாரும் எனக்கு இப்படிச் செய்ததில்லை. அங்கே மறுநாள் வங்கி வாசலில் முகத்தைப் பார்த்தாக வேண்டும். குழுவுக்குக் கிடைத்த பொருளை ஏமாற்றித் தட்டிக்கொண்டு போனவனின் பெயர் மறுநாள் ஊரெங்கும் பரவிவிடும்.

இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெளிந்தது இதுதான். 'குழுத்தேடி சமூகத்தை அழித்தது' என்று சொல்கிறவர்கள் மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே மூட்டையாகப் பார்க்கிறார்கள். ஆளைத் தேடித் தருவது ஒன்று. வழியை அழித்து நேராக உள்ளே இறக்கிவிடுவது இன்னொன்று. மறுபடி சந்திக்கவே முடியாத வேறு சர்வர்க்காரர்களைக் கலப்பது மூன்றாவது. 2009இல் இந்த மூன்றும் ஒரே பொத்தானில் வந்தன. நமக்கு வேண்டியிருந்தது முதலாவது. இழப்பைக் கொண்டுவந்தவை மற்ற இரண்டும், அதிலும் மூன்றாவது. முகம் மறந்தால் பொறுப்பும் மறந்துவிடும். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் அழுகிய தக்காளியைத் தள்ளிவிட யோசிப்பார், ஏனென்றால் நாளை காலையும் நாம் அங்கேதான் பாலுக்குப் போவோம்.

இந்தக் கருத்தை எனக்கே சோதித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. 2019 ஆகஸ்ட் இறுதியில் விளையாட்டின் பழைய வடிவமான வார்கிராஃப்ட் கிளாசிக் வந்தது. குழுத்தேடி இல்லை. முதல் மாதங்கள் எனக்குத் திருவிழா. பிளாக்ராக் மலைக்குள் சங்கிலி வழியே இறங்கி, எரிகுழம்பின் மேலே நடந்து, பிளாக்ராக் டெப்த்ஸ் நிலவறை வாசலில் மற்ற இருவருக்காகக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. வார்லாக் (சூனியக்காரர்) ஒருவர் தொலைவிலுள்ள ஆளை வரவழைக்கும் சடங்கு செய்ய இன்னும் இருவர் துணை வேண்டும். ஆகவே மூன்று பேராவது நடந்தே வந்தாக வேண்டும். நடந்து வந்த மூவரும் பேசிக்கொண்டோம். உள்ளே நாலு மணி நேரம். அந்த நிலவறை அவ்வளவு பெரியது. புதிய பதிப்பில் குழுத்தேடிக்காக அதை இரண்டாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 2022 செப்டம்பரில், பழைய விரிவாக்கம் ஒன்றின் மறுவெளியீடான ராத் ஆஃப் தி லிச் கிங் கிளாசிக் வந்தபோது கதை மாறியது. பழைய உறவுகள் மீள வேண்டும் என்று குழுத்தேடியை வேண்டுமென்றே விலக்கி வைத்திருந்தார்கள். நான் மகிழ்ந்தேன். மூன்று வாரத்தில் மகிழ்ச்சி போய்விட்டது. சர்வர்கள் அதற்குள் பெருநகரங்களாகிவிட்டிருந்தன. உள்ளே நுழையவே வரிசை. அவ்வளவு கூட்டத்தில் இன்று சந்தித்தவரை நாளை சந்திப்பது அரிது. சேனல் முழுக்கக் காசுக்கு நிலவறை முடித்துத் தருவோம் என்ற விளம்பரங்கள். அந்த இரைச்சலில் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்தும் துணைநிரல் (விளையாட்டோடு சேர்க்கும் வெளி மென்பொருள்) ஒன்றை எல்லாரும் நிறுவிக்கொண்டோம். கருவியைத் தடுத்தார்கள், மக்கள் தாங்களே கருவி செய்துகொண்டார்கள். 2023இல் நிறுவனமே குழுத்தேடியைச் சேர்த்துவிட்டது. அந்த முடிவை நான் வரவேற்றேன். ஊர் சிறியதாக இருந்தால்தான் முகம் பழகும். பொத்தானை மட்டும் எடுத்துவிட்டு ஊரைப் பெருநகரமாகவே வைத்திருந்தால் கிடைப்பது காத்திருப்பு மட்டும்தான்.

தானியங்கி இல்லாத இடத்தில் மனிதர்கள் அன்பாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் உண்மையில்லை. 2009இலேயே, ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் மதிப்பெண் போடும் கியர்ஸ்கோர் என்ற துணைநிரலின் எண்ணைக் கேட்டுத்தான் குழுவில் சேர்த்தார்கள். 2016இல் லீஜன் என்ற விரிவாக்கத்தோடு வந்த, கடினம் படிப்படியாக ஏறும் மித்திக் பிளஸ் நிலவறைகளுக்குத் தானியங்கி கிடையாது. பலகையில் விளம்பரம் போட வேண்டும், மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். தாக்குபவராக விளையாடும் தம்பி ஒரு மாலையில் முப்பது குழுக்களுக்கு விண்ணப்பித்து முப்பதிலும் நிராகரிக்கப்பட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் கைவண்ணத்தில் குறையில்லை. முன்பு முடித்த ஓட்டங்களுக்கான மதிப்பெண் குறைவு, மதிப்பெண் ஏற வேண்டுமென்றால் யாராவது முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தானியங்கி ஒருநாளும் அவனிடம் சான்றிதழ் கேட்டதில்லை. இதை நான் அதன் மிகப் பெரிய அறமாகவே கருதுகிறேன்.

2013இல் எனக்கு மகன் பிறந்தான். அடுத்த மூன்று ஆண்டுகள் எனக்குக் கிடைத்தது அவன் தூங்கும் நாற்பது நிமிடங்கள். அதில் இருபது நிமிடத்தை ஆள் தேடுவதில் செலவிட முடியாது. அப்போதுதான் இதே வகை இன்னொரு விளையாட்டான ஃபைனல் ஃபேன்டசி 14க்கு மாறினேன். அதன் குழுத்தேடியான டியூட்டி ஃபைண்டரும் அதே மூன்றையும் செய்கிறது: தேடுகிறது, நேராக இறக்குகிறது, ஒரு டேட்டா சென்டரின் பல சர்வர்களைக் கலக்கிறது. ஆனாலும் அங்கே அனுபவம் வேறாக இருந்தது. கதையைத் தொடர நிலவறைகளைக் கட்டாயம் முடிக்க வேண்டும் என்பதால் புதியவர்கள் எப்போதும் வந்துகொண்டே இருப்பார்கள். குழுவில் ஒருவருக்கு அது முதல்முறை என்றால் உள்ளே நுழைந்ததும் எல்லாருக்கும் அறிவிப்பு வரும், அதற்காக மற்றவர்களுக்குக் கூடுதல் வெகுமதியும் உண்டு. முடிந்ததும் குழுவில் ஒருவருக்குப் பாராட்டு அளிக்கலாம். பாதியில் ஓடினால் அரை மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது.

முதல்முறைக்காரர் இருக்கிறார் என்ற அந்த ஒரு வரி அறிவிப்பு என்ன செய்கிறது என்பதை நூறு முறை பார்த்திருக்கிறேன். டேங்க் நின்று 'தலைவனின் சண்டையை விளக்கவா?' என்று கேட்பார். ஹால்ஸ் ஆஃப் ரிஃப்ளெக்ஷனில் அந்த அந்நியர் எழுதிய மன்னிப்பை அங்கே விளையாட்டே எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, வெட்கமில்லாமல், வரவேற்பாக. ஆகவே அந்நியர்களைச் சேர்ப்பதாலேயே மௌனம் வந்துவிடுவதில்லை. எதற்குப் பரிசு வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அவசரத்துக்கு வைத்தால் அவசரம், பொறுமைக்கு வைத்தால் பொறுமை. மகன் விழித்து அழுதால் எழுந்து போய்விட்டு வர வேண்டியிருந்த இரவுகளில், நான் 'குழந்தை' என்று ஒரு சொல் எழுதினால் மூவரும் காத்திருந்தார்கள். அங்கே ஒரு குழு நாலு பேர்தான்.

மனிதருக்குப் பதில் கணினித் துணைவர்களைத் தருவதும் இப்போது வந்துவிட்டது. ஃபைனல் ஃபேன்டசியில் 2022இல் டியூட்டி சப்போர்ட், வார்கிராஃப்ட்டில் 2024 தொடக்கத்தில் ஃபாலோயர் டஞ்சன். பயந்தவர்களுக்கும் கற்றுக்கொள்பவர்களுக்கும் நல்லது. நானும் புதிய பொறுப்பைப் பழக அதில்தான் போகிறேன். ஆனால் நிறுவனங்கள் இதையே முழு விடையாக எடுத்துக்கொண்டால் எனக்கு அச்சம்தான். பலர் ஒன்றாக விளையாடுவதற்காக உருவான உலகம் இது.

25 பேர் கூடும் ரெய்டு ஃபைண்டரை 2011 முதல் அவ்வப்போது பயன்படுத்தியிருக்கிறேன். கதையின் முடிவைப் பார்க்க உதவுகிறது. அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால் விளையாட்டுகளில் தானியங்கிக் குழுத்தேடி இருக்கட்டும், கதையையும் வளர்ச்சியையும் சார்ந்த எல்லா நிலவறைகளுக்கும் இருக்கட்டும். முதலில் சொந்த சர்வரில் தேடட்டும். பத்து நிமிடம் போன பிறகு வெளியே தேடட்டும். முன்பு சேர்ந்து விளையாடிப் பாராட்டிக்கொண்ட இருவர் ஒரே நேரத்தில் வரிசையில் இருந்தால் அவர்களை ஒன்றாகச் சேர்க்கட்டும். ஒரு நிலவறைக்கு முதல்முறை போகும்போது வாசல்வரை நடக்க வைக்கட்டும், அடுத்த முறை முதல் நேராக இறக்கிவிடட்டும். மிகக் கடினமான சண்டைகளுக்குப் பலகையே சரி. அங்கே முன்கூட்டிப் பேசிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பலகையிலும், மதிப்பெண் பார்க்காமல் புதியவரைச் சேர்க்கும் குழுவுக்கு ஏதாவது ஒரு வெகுமதி இருக்க வேண்டும்.

தம்பி இப்போது நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். நேர வித்தியாசம் இப்போது அவனுக்கும் எனக்கும் இடையே. சனிக்கிழமைகளில் எனக்கு இரவு பத்தரை, அவனுக்கு மாலை ஆறு. இருவரும் ஒன்றாக வரிசையில் நிற்கிறோம். நான் இன்னும் ஹீலர்தான், ஆகவே அவனுக்கு அழைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. போன வாரம் குழுவில் ஒருவருக்கு முதல்முறை என்று அறிவிப்பு வந்தது. அவன் தன் மேஜ் கதாபாத்திரத்தை நிறுத்திவிட்டு, "அக்கா, நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். நான் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.